பாப்பாம்மாவின் காலர் மைக்

பாப்பாம்மா போனில் பேசியது காதில் விழுந்தபோது சவுண்டக்காவின் வாயில் ஒரு கவளம் சோறு இருந்தது. அதை விழுங்கினாளா, துப்பினாளா என்று அவளுக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு டிவி தொடரில். அந்தத் தொடரில் நல்லவர்கள் என்று யாரும் கிடையாது. எல்லாரும் பெரிய இடத்துப் பிள்ளைகள், இருபது சொச்சம் வயது, ஒருவருக்கும் வேலை வெட்டி இல்லை. திங்கட்கிழமை ஒருவனைக் காதலிப்பார்கள், புதன்கிழமை அவனுடைய நண்பன் காரில் ஏறுவார்கள், வெள்ளிக்கிழமை ஏதாவது ஒரு விருந்தில் எல்லாருடைய ரகசியமும் சந்தி சிரிக்கும். விருந்துக் குவளைகளில் நுரைப்பது ஆப்பிள் சாறும் சோடாவும். மாளிகையின் படிக்கட்டு பதினோராம் படியோடு அந்தரத்தில் முடிந்துவிடும். கோபித்துக்கொண்டு மேலே ஓடுகிற கதாநாயகி பின்பக்கத்து ஏணி வழியாகப் பத்திரமாக இறங்கி வந்து பிஸ்கட் தின்பாள்.

சவுண்டக்கா அங்கே ஒலிப்பதிவாளர். நாற்பதைத் தொடப்போகிற வயது. செட்டில் டைரக்டர் முதல் டீ கொடுப்பவர் வரை எல்லாருக்கும் அவள் சவுண்டக்காதான். நாலு சக்கரம் வைத்த ஒரு வண்டிதான் அவள் ராஜ்ஜியம். அதில் பதிவுக் கருவி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள், பேட்டரிகள், இரண்டு ஹெட்போன். நடிக்கிறவர்களின் உடைக்குள் மிளகளவு மைக்கை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகிவிடுவாள். அதற்குப் பிறகு அவர்கள் மூச்சு விட்டாலும் அவளுக்குக் கேட்கும். உருகி உருகிக் காதல் வசனம் பேசும் ஹீரோவின் வயிறு பசியில் கடமுடவென்று உருளுவது கேட்கும். டைரக்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவரை யார் எந்த வார்த்தையில் வைகிறார்கள் என்பதும் கேட்கும். அவளோடு பதினைந்து வருடமாக நீளக் கம்பில் மைக்கைத் தூக்கிப் பிடிக்கிற கம்பண்ணன் அடிக்கடி சொல்வார்: "நம்ம பொழப்புல காது வேலை செய்யணும், வாய் லீவுல இருக்கணும்." அவளும் அப்படித்தான் இருந்தாள். ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தொடரின் கதாநாயகி இருபத்தோரு வயதுப் பெண். மகா பணக்காரி, மகா திமிர்பிடித்தவள் என்று கதையில் பெயர். நிஜத்தில், மைக் ஒட்டும்போது கூச்சத்தில் சிரித்துவிட்டு "சாரிக்கா" என்று சொல்கிற ரகம். அவள் அம்மா அவளைப் பாப்பா என்று கூப்பிடுவதால் செட்டுக்கே அவள் பாப்பா. அம்மா பாப்பாம்மா. மகளின் கால்ஷீட், கார், சாப்பாடு, யாரோடு பேசலாம், யாரோடு சிரிக்கலாம் எல்லாம் பாப்பாம்மாவின் கையில். வெயிலில் மகளுக்குக் குடை பிடிப்பதும் அவள்தான், செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைப்பதும் அவள்தான். பார்க்கிறவர்கள், "பொறந்தா இப்படி ஒரு அம்மாவுக்குப் பொறக்கணும்பா" என்பார்கள்.

பாப்பாவுக்குக் கழுத்தில் வெண்புள்ளி. காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்பட்டை வரை ஒரு தீவுக் கூட்டம்போலப் பரவியிருக்கும். ஒட்டுவதில்லை, வலிப்பதில்லை, ஆனால் கேமராவுக்கு ஆகாது. அதைத் தினமும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தவள் சிட்டு. சவுண்டக்காவின் கணவனுடைய தங்கை. கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அழகுநிலையம் ஒன்றில் முடி வெட்டிக்கொண்டிருந்தவளை இந்தத் தொடருக்கு மேக்கப் போடக் கூட்டிவந்தது சவுண்டக்காதான். சிட்டு கை வைத்தால் புள்ளி இருந்த இடம் தெரியாது. பாப்பா கண்ணாடியில் பார்த்து, "எங்கக்கா போச்சு அது?" என்று ஒவ்வொரு நாளும் புதிதாக ஆச்சரியப்படுவாள்.

ஒருநாள் அந்தக் கழுத்து ஊருக்கே தெரிந்துவிட்டது. நடிகர் நடிகைகளின் வீட்டு விஷயங்களைப் போட்டுப் பிழைக்கிற ஓர் இணையப் பக்கத்தில், மேக்கப் ரூம் நாற்காலியில் பவுடர்கூட இல்லாமல் பாப்பா கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிற படம். கழுத்து முழுக்க வெள்ளைத் திட்டு. "இதுதான் உங்கள் இளவரசி" என்று மேலே எழுத்து வேறு. லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். பாப்பா இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மைக் மாட்ட வந்துபோகிற சவுண்டக்காவை விட்டால், அந்த அறைக்குள் போய்வருகிறவர்கள் மூன்றே பேர்: பாப்பா, பாப்பாம்மா, சிட்டு. அம்மாவைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? பழி நேராகச் சிட்டுவின் தலையில் வந்து இறங்கியது.

தயாரிப்பு மேனேஜர் சவுண்டக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "உங்க வீட்டுப் பொண்ணு. ஆனா நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். படம் வர்றதுக்கு முந்தின நாள் அந்த ரூம்ல ஏதாவது பார்த்தீங்களா?"

பாப்பாவுக்கு மைக் மாட்ட அன்று அவள் அந்த அறைக்குப் போயிருந்தாள். சிட்டு போனைக் கையில் பிடித்து நாற்காலிக்கு நேராக நின்றிருந்தாள். மேக்கப்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். நேற்றுப் போட்ட சாயமும் இன்று போடுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சவுண்டக்காவுக்கும் அது தெரியும். ஆனால் சிட்டு அந்த மாதம்தான் புதுப் போன் வாங்கியிருந்தாள், காசு ஏது என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பியிருந்தாள். அதுவும் போக, சொந்தக்காரி என்று மூடி மறைக்கிறாள் என்ற பேச்சு வந்தால் தன் வேலைக்கும் வேட்டு என்ற பயம் ஒரு பக்கம்.

"போனைக் கையில வச்சிட்டு நின்னா," என்றாள். அது எதற்காக என்பதைச் சொல்லவில்லை.

மேனேஜர் கேட்ட அன்று மத்தியானமே சிட்டுவை அனுப்பிவிட்டார்கள். மாளிகை செட்டின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, பாப்பா அழுகையும் ஆத்திரமுமாக, "உங்களைத்தானே நம்பிக் கழுத்தைக் காட்டினேன்?" என்று கத்தினாள். சிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் செய்தி ஒரு சுற்றுச் சுற்றியதும் வேறு எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடவில்லை. பழைய அழகுநிலையத்துக்கே முடி வெட்டப் போனாள். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இனி, அந்தக் கவளம் சோற்று நாளுக்கு வரலாம்.

அன்று பெரிய விருந்துக் காட்சி. கூட்டத்தில் நிற்க வேண்டிய நடிகை ஒருத்தி வராததால் டைரக்டர் பாப்பாம்மாவைப் பார்த்து, "அம்மா, நீங்களே ஒரு கவுனை மாட்டிட்டு நின்னுடுங்களேன், ஒரு வசனந்தான்," என்றார். பாப்பாம்மாவுக்கு வாயெல்லாம் பல். கல்லு வைத்த கழுத்துமாலை, பளபளவென்று ஒரு நீல கவுன். வசனம்: "இந்தக் குடும்பத்துக்கு மானம்னு ஒண்ணு இருக்கா?" அதைச் சொல்ல ஏழு டேக் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு டேக்கிலும் மாலை மைக்கில் உரசிக் கரகரவென்று சத்தம். சாப்பாட்டு இடைவேளை விட்டதும் மற்றவர்கள் மைக்கைக் கழற்றிக் கொடுத்தார்கள். பாப்பாம்மா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று இஸ்திரி அறைப் பக்கம் போய்விட்டாள்.

"பாட்டரி வீணாப்போகுது," என்று கம்பண்ணன் முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். சவுண்டக்கா தட்டை வண்டி மேலேயே வைத்துக்கொண்டாள். அந்தக் கரகரப்பு மாலையாலா, வயராலா என்று பார்த்துவிடலாம் என்று பாப்பாம்மாவின் மைக்கை மட்டும் பதிவில் போட்டு, ஹெட்போனை மாட்டி, ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்தாள்.

கதவு சாத்துகிற சத்தம். பிறகு பாப்பாம்மாவின் குரல், குசுகுசுவென்று, ஆனால் மைக் நெஞ்சிலேயே இருந்ததால் காதுக்குள் வந்து பேசுவது போல.

"ஹலோ, நான்தான். அனுப்பினேனே, பார்த்தீங்களா? பாப்பாவும் ஹீரோவும் கார்ல பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க இல்ல, அதான். சும்மா ஒத்திகைக்குப் போனப்ப எடுத்தது. நீங்க ராத்திரி தங்கிட்டு வந்தாங்கன்னு போட்டுக்குங்க. ஹீரோவுக்கும் நல்லதுதானே, வேணாம்னா சொல்லப்போறான்?"

சவுண்டக்காவின் தாடை நின்றுவிட்டது.

"இல்ல இல்ல, நாளைக்கே வரணும். இவ அந்த உடற்பயிற்சி டாக்டர் பையனைக் கட்டிக்கிறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்க்கிறவன். அவன் இதைப் பார்த்துட்டு அவனாவே ஒதுங்கிப் போகணும். நான் வேணாம்னு சொன்னா இவ எனக்கு எதிரா நிப்பா."

சிறிது நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். எதிர்ப்பக்கத்தில் ஏதோ தயக்கம் போல.

"என்னை நம்ப மாட்டீங்களா? அந்தக் கழுத்துப் படத்தை யார் குடுத்தா? நான்தானே குடுத்தேன்? அவ தூங்கறப்ப நானே எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம்தானே உங்க பக்கத்துக்கும் ஜனம் வந்துச்சு, தொடருக்கும் ஜனம் வந்துச்சு? ஐயோ பாவம்னு ஊரே உருகிச்சே! யாருக்காவது என் மேல ஒரு சந்தேகம் வந்துச்சா? அந்த மேக்கப்காரி மேலயே போயிடுச்சு எல்லாம். அவ சொந்த அண்ணியே சாட்சி சொல்லிட்டா, அப்புறம் என்ன?"

பாப்பாம்மா சிரித்தாள். சத்தமான சிரிப்புக்கூட இல்லை. மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு.

சவுண்டக்கா ஹெட்போனைக் கழற்றினாள். சுற்றிலும் தட்டுச் சத்தம், பேச்சுச் சத்தம், யாரோ ஜோக் அடித்து யாரோ சிரிக்கும் சத்தம். ஒன்றும் அவளுக்குள் போகவில்லை. பெற்றவள். தூங்குகிற பிள்ளையின் கழுத்தை. குடை பிடிக்கிற அதே கையால். அந்த எண்ணத்தின் மேல் இன்னொரு எண்ணம் வந்து விழுந்தது: அவ சொந்த அண்ணியே சாட்சி சொல்லிட்டா.

கம்பண்ணன் கை கழுவிவிட்டு வந்து அவள் முகத்தைப் பார்த்தார். "என்னாச்சு? பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே."

அவள் ஹெட்போனை அவரிடம் நீட்டிப் பதிவைப் பின்னால் ஓட்டினாள். கம்பண்ணன் நின்றபடியே கேட்டார். பாதியில் அங்கிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி," என்றார். ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். "இதைக் கேட்காத மாதிரி இருந்துடலாம். இது நம்ம காதுக்குன்னு பேசினது இல்லை."

"ஒருத்தி பொழப்பு போயிருக்குண்ணே. நான்தான் போக வச்சேன்."

கம்பண்ணனுக்கு இது புதுச் செய்தி. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை அவள் தாங்கிக்கொண்டாள். தாங்கித்தானே ஆக வேண்டும்.

"அப்போ பாப்பாகிட்ட மொதல்ல சொல்லு," என்றார். "மேனேஜருக்கு வேணாம். அது அந்தப் பொண்ணோட வாழ்க்கை."

பாப்பா தன் அறையில் தனியாக இருந்தாள். சாப்பாடு தொடாமல் இருந்தது. போனில் யாருக்கோ செய்தி அனுப்பிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த உடற்பயிற்சி மருத்துவனாக இருக்கும். அந்தப் பேச்சு இருந்த மெமரி கார்டைச் செருகிய சின்னப் பதிவுக் கருவியோடு சவுண்டக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தியதும், "மைக்கா அக்கா? இன்னும் டைம் இருக்கே," என்றாள்.

"மைக் இல்ல பாப்பா. ஒண்ணு கேட்கணும் நீ. கேட்டதுக்கப்புறம் என்னை ஏன் கேட்க வச்சேன்னு திட்டுவே. திட்டிக்கோ."

ஹெட்போனை அவள் தலையில் மாட்டினாள். சிகை கலையாமல் மாட்டினாள். வேலைப் பழக்கம் அந்த நேரத்திலும் போகவில்லை.

முதல் வரியில் பாப்பா சிரித்தாள், அம்மாவின் குரல் என்பதால். பிறகு சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. கழுத்துப் படம் என்ற இடம் வந்ததும் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. முடிந்தது. ஹெட்போனைக் கழற்றாமல், "இன்னொரு தடவை போடுங்க," என்றாள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அழுவாள் என்று சவுண்டக்கா எதிர்பார்த்தாள். பாப்பா அழவில்லை. புரியாத கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பிள்ளை போல அவள் முகம் இருந்தது.

"அந்தப் படம் வந்த அன்னைக்கு அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சுட்டு அழுதாங்கக்கா," என்றாள். "என்னை விட அதிகமா அழுதாங்க. நான்தான் அவங்களைச் சமாதானப்படுத்தினேன். தண்ணி குடுத்தேன்."

சவுண்டக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சிட்டக்காவைப் பார்த்து நான் எல்லார் முன்னாடியும் கத்தினேனே," என்றாள் பாப்பா. "அவங்க ஏன் திருப்பி ஒண்ணுமே சொல்லல?"

வெளியே உதவி டைரக்டர் கதவைத் தட்டி, "ஷாட் ரெடி" என்று கூவினார். பாப்பா எழுந்தாள். மேஜை மேலிருந்த ஈரத் துணியை எடுத்தாள். கண்ணாடி பார்க்காமலே கழுத்தைத் துடைத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, தோல் சிவக்கிற மாதிரி. புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"பாப்பா, கொஞ்சம் இரு," என்றாள் சவுண்டக்கா.

"மைக்கை மாட்டுங்கக்கா."

மாட்டினாள்.

மாளிகை செட்டில் ஐம்பது பேர் குவளையோடு நின்றிருந்தார்கள். நீல கவுனில் பாப்பாம்மா முன்வரிசையில். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கதைப்படி பாப்பா படிக்கட்டில் இறங்கி வந்து ஹீரோவின் கன்னத்தில் அறைய வேண்டும். அவள் இறங்கினாள். விளக்கு வெளிச்சம் கழுத்தில் பட்டதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "டச்சப், டச்சப் எங்கே?" என்று டைரக்டர் கத்தினார். பாப்பா ஹீரோவைத் தாண்டிப் போய் அம்மாவின் முன்னால் நின்றாள்.

"பாப்பா, என்ன கண்ணு இது, கழுத்து..." என்று பாப்பாம்மா பதறிக் கையால் மறைக்கப் போனாள்.

"இருக்கட்டும்மா. போன் வச்சிருக்கியா? எடுத்துக்கோ. இந்தத் தடவை நான் முழிச்சிட்டிருக்கேன்."

சவுண்டக்காவுக்குத்தான் தெரியும், ஐம்பது பேரில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

"என்ன உளர்றே? யார் உனக்கு என்ன சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நீயேதான் சொன்னே."

பாப்பாம்மாவின் கை மெதுவாக மேலே வந்து கழுத்துமாலைக்கு அடியில் தடவியது. மிளகளவு மைக் விரலில் பட்டது. அந்த முகம் வெளிறிப்போனதைச் சவுண்டக்கா வாழ்நாளில் மறக்க மாட்டாள். அடுத்த நொடி பாப்பாம்மாவின் கண் நேராக வண்டிப் பக்கம் திரும்பியது. கூடவே ஐம்பது பேரின் கண்ணும்.

"உனக்காகத்தான்டி," என்றாள் பாப்பாம்மா. குரல் உடைந்துவிட்டது. "இந்த மூஞ்சிக்கு இன்னும் எத்தனை வருஷம்னு நெனச்சே? அஞ்சு வருஷம் கழிச்சு யார் உன்னைத் திரும்பிப் பார்ப்பா? இருக்கறப்பவே ஏத்தி விடணும்னுதான்... நான் பட்டது நீ படக் கூடாதுன்னுதான்டி..."

"சிட்டக்கா என்ன பண்ணினாங்கம்மா?" என்றாள் பாப்பா.

பாப்பாம்மா அழ ஆரம்பித்தாள். இந்த அழுகை நிஜமா, போன தடவை அழுததும் நிஜமா என்று பாப்பா உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போதுதான் சவுண்டக்கா கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. டைரக்டர் மானிட்டருக்கு முன்னால் குனிந்து, ஒரு விரலை உதட்டில் வைத்து, இன்னொரு கையால் கேமராக்காரருக்கு "போகட்டும், போகட்டும்" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் புதையல் கிடைத்த வெளிச்சம். இத்தனை நேரம் பார்த்ததை விட அது அவளை அதிகமாகத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை அத்தியாயத்துக்கு இது போய்விடும். பாப்பாவின் கழுத்து, பாப்பாம்மாவின் அழுகை, எல்லாம்.

அவள் எல்லாக் குமிழ்களையும் கீழே இறக்கினாள். பதிவை நிறுத்தினாள். இந்தக் காட்சியில் எடுத்தவரைக்கும் அழித்தாள். பக்கத்தில் கம்பண்ணன் தலைக்கு மேல் பிடித்திருந்த கம்பைத் தரையில் வைத்தார்.

"கட்" என்று கடைசியில் சொல்லிவிட்டு டைரக்டர் துள்ளி எழுந்தார். "சவுண்டு எப்படி? சுத்தமா வந்திருக்கா?"

"சவுண்டு இல்ல சார்."

"இல்லன்னா?"

"நிறுத்திட்டேன். அழிச்சுட்டேன்."

அவர் என்னென்ன சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. மூன்று வருட வேலை மூன்று நிமிடத்தில் முடிந்தது. போவதற்கு முன் சவுண்டக்கா, பாப்பாம்மாவின் போன் பேச்சு இருந்த கார்டைக் கழற்றிப் பாப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். "வச்சுக்கோ, இல்ல ஒடச்சுப் போடு. இது உன்னுது." பாப்பா கார்டை மூடிப் பிடித்துக்கொண்டு, அங்கேயே மேனேஜரைக் கூப்பிட்டு, சிட்டுவின் மேல் தப்பில்லை என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு படப்பிடிப்பு உடையோடேயே வெளியே போய், வாடகைக் கார் பிடித்து ஏறினாள். பாப்பாம்மா வாசல் வரை ஓடினாள். அவளைத் தடுத்து நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை, தேற்றவும் மனம் வரவில்லை.

சவுண்டக்கா வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அவள் கணவன் பஸ் ஓட்டுகிறவன், இன்னும் வரவில்லை. சிட்டு அழகுநிலையத்திலிருந்து வந்து சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, சீக்கிரம் வந்துட்டீங்க?"

சவுண்டக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். பாப்பாம்மாவின் போன், பாப்பாவின் கழுத்து, டைரக்டரின் விரல். சிட்டு கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்டாள். "பெத்த அம்மாவா? அவங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். அவளுக்குக் கண் நிறைந்தது. தனக்காக இல்லை, பாப்பாவுக்காக.

"இன்னொண்ணு இருக்கு சிட்டு," என்றாள் சவுண்டக்கா. "மேனேஜர்கிட்ட உன்னைப் பத்திச் சொன்னது..."

"தெரியும் அண்ணி."

சவுண்டக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. "என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். 'உங்க அண்ணியே சொல்லிட்டாங்க, இனிமே என்ன'ன்னு மேனேஜர் சொல்லித்தான் அனுப்பினார்."

இரண்டு மாதம். அறுபது நாள் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். சிட்டு அவளுக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்தாள். அவள் துணிகளையும் சேர்த்துத் துவைத்தாள். தனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாத மாதிரி இருந்தாள். சிட்டு குற்ற உணர்ச்சியில்தான் அடங்கிப்போய் இருக்கிறாள் என்று இந்த அறுபது நாளும் நினைத்துக்கொண்டிருந்தவள் சவுண்டக்கா.

"ஏன்டி என்னைக் கேட்கல? சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா, நீங்க ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு," என்றாள் சிட்டு. "நான் எடுத்திருப்பேன்னு நிஜமாவே நெனச்சீங்கன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் இந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்? எனக்குப் போக வேற வீடு இல்லையே அண்ணி."

சவுண்டக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பாம்மாவின் குரலைக் கேட்டபோது வந்த அதிர்ச்சி வேறொருத்தியைப் பற்றியது. இது தன்னைப் பற்றியது. அதைத் தாங்குவதற்கு எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அந்தப் போன்?" என்று, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"தவணையில வாங்கினேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னு சொல்லல."

"என்னை மன்னிச்சுடு சிட்டு."

சிட்டு நறுக்கிய காயை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "மன்னிச்சுட்டேன்னு இப்போ சொன்னா அது பொய்யா இருக்கும் அண்ணி. வாய்க்கு வரல. வந்தா நானே சொல்றேன்."

அவ்வளவுதான். கத்தியை எடுத்து மிச்சக் காயை நறுக்கினாள்.

தொடர் நிற்கவில்லை. பாப்பா கதையில் வெளிநாடு போய்விட்டாள். அவள் இடத்தில் அவளைவிடப் பணக்காரியாக ஒரு சித்தப்பா மகள் வந்து இறங்கினாள். பாப்பா தனியாக வீடு எடுத்தாள், தன் கால்ஷீட்டைத் தானே பார்த்துக்கொள்கிறாள், அந்த உடற்பயிற்சி மருத்துவனைக் கல்யாணம் செய்யப்போவதாகத் தன் இணையப் பக்கத்தில் தானே எழுதினாள், கழுத்து தெரிகிற படத்தோடு. அம்மாவோடு பேசுகிறாளா என்பது யாருக்கும் தெரியாது. ஒருநாள் சிட்டுவின் அழகுநிலையத்துக்கே வந்து, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் நாற்காலியில் ஏறி, அத்தனை வாடிக்கையாளர் முன்னால் மன்னிப்புக் கேட்டாளாம். அவளைச் சிட்டு அந்த நிமிடமே மன்னித்துவிட்டாளாம். இதைச் சொன்னவன் சவுண்டக்காவின் கணவன். அவனுக்கு எல்லாம் தெரிந்த பிறகு அவளோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தான்.

சிட்டு தொடருக்குத் திரும்பவில்லை. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். "கோபத்துல போகல அண்ணி, எனக்குன்னு ஒரு இடம் வேணும்," என்றாள். சவுண்டக்காவுக்கு அது புரிந்தது. தடுக்கவில்லை. சவுண்டக்காவுக்குச் சமையல் நிகழ்ச்சி ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே எண்ணெய் காய்கிற சத்தத்தையும் உப்புப் போதுமா என்ற விசாரணையையும் தவிர காதில் ஒன்றும் விழுவதில்லை. கம்பண்ணனும் கூடவே வந்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, படப்பிடிப்புக்கு நடுவில் போன் அடித்தது. சிட்டு.

"அண்ணி, மூணு நாளா காய்ச்சல். எழுந்து தண்ணி எடுக்க முடியல. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, பதறிப்போய் பஸ்ஸை அப்படியே விட்டுட்டு வந்துடுவாரு. நீங்க வர முடியுமா?"

"வரேன்," என்றாள் சவுண்டக்கா. ஹெட்போனைக் கம்பண்ணன் கையில் திணித்துவிட்டு, எதற்கு என்றுகூடச் சொல்லாமல் ஓடினாள்.